பதினெட்டுத் திங்கட்கிழமைகள்

"என்ன மாமி, சத்திரத்துக்கா? இன்னிக்கும் சிந்தாமணியிலே சாமான் வாங்கணுமா?"

ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால், எங்கள் அடுத்த தெரு அம்மாள் எப்படியோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்ததும் இந்தக் கேள்விதான். "ஆமாம், கொஞ்சம் உளுத்தம்பருப்பு..." என்று நானும் இழுப்பேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் என் பிள்ளை வாயே திறக்கமாட்டான். வாராவாரம் திங்கட்கிழமை காலையில், வயசுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு உளுத்தம்பருப்பு வாங்கப் போகிறவளைப் பற்றி அந்த அம்மாள் என்ன நினைத்திருப்பாளோ! ரகசியமாய் இட்லிக் கடை நடத்துகிறோம் என்றுகூட நினைத்திருக்கலாம்.

நிஜம் என்னவென்றால், நாங்கள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பின்னால் ஒரு சந்தில் உள்ள ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போவோம். என் பிள்ளை கையை நீட்டுவான். ஒரு பெண் ஊசி குத்தி இரண்டு மில்லி ரத்தம் எடுப்பாள். ஒரு பொட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வருவோம். இப்படிப் பதினெட்டுத் திங்கட்கிழமைகள். 2023-ஆம் வருஷம் வைகாசி மாதம் முதல் தேதி தொடங்கி, ஆவணி மாதம் முடிகிற வரையில்.

அந்தப் பதினெட்டு வாரத்தின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஒருத்தி, என்னைப்போல் உளுத்தம்பருப்பு என்று பொய் சொல்லிக்கொண்டு ஏதாவது ஒரு ஊரில் பஸ் ஏறிக்கொண்டிருக்கலாம். அவளுக்காகச் சொல்கிறேன்.

* * *

என் பிள்ளை கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கும்போது ராத்தூக்கம் கெட்டது. பரீட்சைக்குப் படிக்கிறான் என்று நினைத்தோம். பிறகு தனியாகப் பேச ஆரம்பித்தான். எதிர் வீட்டு மாடியிலிருந்து இரண்டு பேர் தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றான். எதிர் வீட்டில் அப்போது குடியே இல்லை, பூட்டிக் கிடந்தது. நான் வைத்த குழம்பை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதிலே என்ன கலந்தே?" என்று கேட்டானே, அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் உறைத்தது.

தோஷம் என்றார்கள், பரிகாரம் செய்தோம். கண்ணேறு என்றார்கள்; சுற்றிப் போட்டோம். சத்திரத்திலிருந்து முசிறி போகும் பஸ்ஸில் ஏறிக் குணசீலத்துக்கும் போனோம். புத்தி தடுமாறினவர்களை அங்கே ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கவைத்துப் பெருமாளை வேண்டிக்கொள்வது வெகு நாளைய வழக்கம். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். காவேரிக் கரையில் அந்தச் சந்நிதியில் நின்றபோதுதான், 'இந்தத் துக்கம் எனக்கு மட்டும் இல்லை' என்று முதன்முதலில் தெரிந்துகொண்டேன். எத்தனை தாய்மார்கள்!

அங்கிருந்து திரும்பியதும் மனநல டாக்டரிடமும் போனோம். டாக்டர் மனச்சிதைவு என்றார். "நூறு பேரில் ஒருவருக்குச் சற்றே குறைவாக வருகிற வியாதி இது, அம்மா. நீங்கள் வளர்த்த விதத்தால் வந்ததில்லை" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்கு நான் ஆயுள் முழுவதும் கடமைப்பட்டவள்.

மாத்திரை ஆரம்பித்தது. ஒரு மருந்து, அதற்கப்புறம் இன்னொரு மருந்து. சரியான அளவில், நாள் தவறாமல், மாதக் கணக்கில் கொடுத்தோம். கை நடுங்கியதுதான் மிச்சம். எதிர் வீட்டு மாடியில் பேச்சு ஓயவில்லை. நான்கு வருஷம் இப்படி ஓடிற்று. கடைசியில் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துக்கொண்டு பேசினார்.

"இன்னும் ஒரு மருந்து இருக்கிறது. குளோசபைன் என்று பெயர். மற்ற மருந்துகளுக்கு மசியாத வியாதிக்கு இதைவிட மேலான மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் அது ஒரு நிபந்தனையோடு வருகிறது. ரத்தம் கொடுத்தால்தான் மருந்து. ஒரு வாரம் பரிசோதனை இல்லையென்றால், அந்த வாரம் சீட்டு எழுதமாட்டேன்."

என் வீட்டுக்காரருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ரத்தத்தைக் கெடுக்கிற மருந்தை எதற்கு ஸார் கொடுக்கிறீர்கள்?" என்றார்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. மருந்தின் பூர்வோத்தரத்தையே சொன்னார்.

* * *

மனநோய்க்கு மாத்திரை என்று ஒன்று வந்ததே 1952-ஆம் வருஷத்துக்குப் பிறகுதானாம். அந்த வருஷம் பாரிஸ் நகரத்து டாக்டர்கள் இருவர் குளோர்ப்ரோமசைன் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்து, கட்டிப் போட்டிருந்த நோயாளிகள் அமைதியாவதைக் கண்டார்கள். அதற்குச் சில வருஷங்களுக்குப் பின் ஸ்விட்ஸர்லாந்தில் ஒரு கம்பெனி கண்டுபிடித்ததுதான் குளோசபைன். கை நடுக்கம், உடம்பு விறைப்பு இவற்றை அதிகம் உண்டாக்காத மருந்து என்று 1970-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் அதற்கு நல்ல பேர்.

1975-ல் இடி விழுந்தது. பின்லாந்து தேசத்தில் இந்த மருந்தைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு ரத்தத்தில் வெள்ளணுக்கள் அற்றுப்போயின. சாதாரணத் தொற்றைக்கூடத் தாங்கமுடியாமல் எட்டுப் பேர் இறந்துபோனார்கள். பல நாடுகள் மருந்தை மூட்டை கட்டி வைத்துவிட்டன.

ஆனால் அதைச் சாப்பிட்டுத் தேறினவர்களை நேரில் பார்த்திருந்த டாக்டர்களுக்கு மனசு ஆறவில்லை. அமெரிக்காவில், எந்த மருந்துக்கும் குணமாகாத 268 நோயாளிகளை வைத்துப் பரிசோதித்தார்கள். ஆறு வாரத்தில், பழைய மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு நான்கு பேர் தேறினார்கள். குளோசபைன் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேர்! 1988-ல் இந்த முடிவு வெளியாயிற்று. அடுத்த வருஷமே, 'வாரம் தவறாமல் ரத்தப் பரிசோதனை' என்ற கட்டுப்பாட்டோடு அந்நாட்டு அரசாங்கம் மருந்தை அனுமதித்தது. பின்னால் நம் நாட்டுக்கும் வந்தது.

"எட்டுப் பேரைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம்தான் இந்த ஊசி. மருந்து சாப்பிடுகிற நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் இந்த ஆபத்து வருகிறது. வந்தாலும் பெரும்பாலும் முதல் பதினெட்டு வாரத்துக்குள் வரும். முன்னதாகக் கண்டுபிடித்து மருந்தை நிறுத்திவிட்டால் அநேகமாக எல்லாரும் பிழைத்துக்கொள்கிறார்கள்" என்றார் டாக்டர்.

வெள்ளணுவைப் பற்றி அவர் சொன்னதை நான் சமையலறைப் பாஷையில் புரிந்துகொண்டேன். வெள்ளணுக்களில் நியூட்ரோபில் என்று ஒரு வகை. உடம்புக்குள் கிருமி நுழைந்தால் முதலில் ஓடிப்போய்ச் சண்டை போடுவது அதுதான். ஆனால் ஆயுசு ரொம்பக் கொஞ்சம். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை தினம் தினம் புதிதாக உண்டாக்கி அனுப்பிக்கொண்டே இருக்கவேண்டும். ஊறுகாய் மாதிரி போட்டுவைக்க முடியாது. தோசைமாவு மாதிரி அன்றன்றைக்கு அரைக்கவேண்டும். மருந்து சிலருக்கு மட்டும் இந்த ஆட்டுக்கல்லை நிறுத்திவிடுகிறது. நின்ற இரண்டு மூன்று நாளில் பாத்திரம் காலி!

என் பிள்ளை இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். டாக்டர் அவனைப் பார்த்து, "நீ என்னப்பா சொல்றே?" என்றார்.

"குரல் நிக்குமா, டாக்டர்?"

"நிக்கலாம். குறையலாம். பார்க்கணும்."

"அப்போ ஊசி குத்திக்கறேன்" என்றான்.

* * *

25 மில்லிகிராம் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்து ஆரம்பித்தோம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள்.

நான் ஒரு பழைய பால் கணக்கு நோட்டை எடுத்து, பாக்கிப் பக்கங்களில் ரத்தக் கணக்கு எழுத ஆரம்பித்தேன். தேதி, மாத்திரை அளவு, மொத்த வெள்ளணு, அதில் நியூட்ரோபில் எத்தனை. பரிசோதனைச் சீட்டில் நியூட்ரோபிலை நூற்றுக்கு இத்தனை என்றுதான் போட்டிருப்பார்கள்; மொத்தத்தோடு பெருக்கிப் பார்க்கவேண்டும். முதல் வாரம் மொத்தம் 6,800, நூற்றுக்கு 62. ஆக 4,216. கல்யாணத்துக்கு முன் படித்த கணக்கு முப்பது வருஷம் கழித்து உபயோகப்பட்டது!

மொத்தம் 3,500-க்கு மேலும் நியூட்ரோபில் 2,000-க்கு மேலும் இருந்தால் பச்சை விளக்கு. மொத்தம் 3,000-க்கோ நியூட்ரோபில் 1,500-க்கோ கீழே போனால் சிவப்பு. மருந்தை உடனே நிறுத்தவேண்டும். நடுவில் இருப்பது மஞ்சள். மருந்து உண்டு, ஆனால் வாரம் இரண்டு ஊசி. டாக்டர் சொன்ன இந்த வாய்ப்பாட்டை நோட்டின் முதல் பக்கத்தில், பிள்ளையார் சுழிக்குக் கீழே எழுதி வைத்தேன்.

முதல் ஐந்து வாரம் அவன் தூங்கினான், தூங்கினான், தூங்கிக்கொண்டே இருந்தான். தலையணை எச்சிலால் நனைந்துபோகும். தினம் உறை மாற்றினேன். பசி அதிகமாயிற்று. குரல் மட்டும் நின்றதாகத் தெரியவில்லை. ஐந்தாவது திங்கட்கிழமை என் வீட்டுக்காரர், "இந்த அலைச்சல் எல்லாம் வீண்தானோ?" என்று கேட்டுவிட்டார்.

ஆறாவது திங்கட்கிழமை. பஸ் காவேரிப் பாலத்தில் ஏறிற்று. மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி அணை திறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. என் பிள்ளை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான்.

"அம்மா, காவேரிலே தண்ணி வந்துடுத்து பாரேன்!"

இதில் என்ன அதிசயம் என்பீர்கள். நான்கு வருஷமாக அவன் வெளியில் இருக்கிற எதையும் பார்த்து என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் உலகம் முழுக்க அந்த மாடிக் குரல்கள்தான். நான் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அடுத்த தெரு அம்மாள், "என்ன மாமி, கண்ணிலே தூசியா?" என்றாள். "ஆமாம், தூசி" என்றேன். உளுத்தம்பருப்போடு இன்னொரு பொய்!

* * *

பரிசோதனைக் கூடத்தில் எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். தொட்டியம் பக்கத்திலிருந்து முசிறி பஸ்ஸில் வருகிறவள். வாழைத் தோட்டத்தில் வேலை. அவளுடைய பெண்ணுக்கும் அதே வியாதி, அதே மருந்து. எங்களைவிட அவர்கள் நான்கு வாரம் முன்னால் ஆரம்பித்திருந்தார்கள். குணசீலத்தில் அந்தப் பெண்ணும் ஒரு மண்டலம் இருந்தவள்தான்.

ஊசி போட்டதும் நாங்கள் நான்கு பேரும் பஸ் ஸ்டாண்டில் காப்பி குடிப்போம். 2021 கடைசியில் புதிதாகக் கட்டித் திறந்த பஸ் ஸ்டாண்டு. நிழலாக உட்கார இடம் உண்டு. கல்லூரிப் பிள்ளைகள் திமுதிமுவென்று இறங்கி ஓடுவார்கள். எதிரே மலைக்கோட்டை வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். அந்தப் பெண் தலை குனிந்தபடியே இருப்பாள். ஆனால் வாரத்துக்கு வாரம் அவளிடம் ஒரு மாறுதல் தெரிந்தது. ஒரு வாரம் தானே பின்னிக்கொண்டு வந்தாள். அடுத்த வாரம் பூ வைத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய தாய் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சிரிப்பாள்.

பிறகு மூன்று திங்கட்கிழமைகள் அவர்கள் வரவில்லை. எங்களுடைய ஒன்பதாவது வாரத்தில் அந்த அம்மாள் மட்டும் தனியாக வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"அக்கா, உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். எம் பொண்ணுக்கு எண்ணிக்கை எழுநூறுக்கு இறங்கிடுச்சு. அன்னைக்கே மருந்தை நிறுத்தி ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. தனி ரூம்பு, யாரையும் கிட்ட விடல. பத்து நாளு. இப்ப ஏறிடுச்சு. உயிருக்கு ஒண்ணும் இல்ல."

"அப்புறம்?"

"இனிமே இந்த மருந்து அவளுக்கு ஆகாதுன்னுட்டாங்க. வேற ஏதோ கொடுக்கிறாங்க. திரும்பவும் மூலையில போயி உட்கார்ந்துட்டா."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "கொஞ்ச நாளாவது தேறினாளே, அதை நினைச்சு மனசைத் தேத்திக்கோம்மா" என்று அசட்டுத்தனமாக ஏதோ சொன்னேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தப் பத்து வாரம் எம் பொண்ணு எனக்குத் திரும்பக் கிடைச்சா, அக்கா. அது போதும்னு நான் சொல்லமாட்டேன். போதாது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒண்ணு சொல்லத்தான் வந்தேன். தம்பிக்கு ஊசி வலிக்குதேன்னோ, நல்லாத்தானே இருக்கான்னோ ஒரு வாரம்கூட விட்டுடாதீங்க. அந்த ஊசி இல்லேன்னா எம் பொண்ணு இன்னிக்கு இல்ல" என்றாள்.

வாழைப்பழச் சீப்பை என் பையில் வைத்துவிட்டு முசிறி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

* * *

பன்னிரண்டாவது திங்கட்கிழமை, ஜூலை 31. சாயங்காலம் சீட்டு வந்தது. மொத்தம் 3,400, நூற்றுக்கு 56. இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தேன். 1,904.

மஞ்சள் விளக்கு.

டெலிபோனில் டாக்டர் நிதானமாகப் பேசினார்: "மருந்தை நிறுத்தவேண்டாம். வியாழக்கிழமை மறுபடி பாருங்கள். நடுவில் காய்ச்சலோ, தொண்டை வலியோ, வாயில் புண்ணோ வந்தால் வியாழன்வரை காத்திருக்கக் கூடாது. அர்த்தராத்திரியானாலும் ஆஸ்பத்திரி."

வியாழக்கிழமை ஆடிப்பெருக்கு. புதன்கிழமை ராத்திரி நாளைய கலந்த சாதத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளை வந்து, "தொண்டை வலிக்கறதும்மா" என்றான். தொட்டுப் பார்த்தேன். சுட்டது. தர்மாமீட்டர் 101 காட்டிற்று.

பண்டிகைக்கு வந்திருந்த என் நாத்தனார், "மிளகுக் கஷாயம் வெச்சுக் கொடு. ஆடிக் காத்து; ஊர் முழுக்க ஜலதோஷம்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. மற்ற எந்தப் பிள்ளையாக இருந்தாலும் நானும் அதைத்தான் செய்திருப்பேன். என் வீட்டுக்காரரும், "மணி பத்தாறது. விடிஞ்சதும் போலாமே" என்றார்.

எனக்கு அந்தத் தொட்டியத்து அம்மாள் கண்முன் வந்து நின்றாள். "விடியறவரைக்கும் ஆட்டுக்கல் காத்திண்டிருக்காது" என்றேன். யாருக்கும் புரியவில்லை. பால் கணக்கு நோட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஆட்டோ கூப்பிட்டோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர் இருந்தார். முதலில் தொண்டையைப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதப் பேனாவை எடுத்தார். நான் நோட்டைப் பிரித்து மேஜைமேல் வைத்தேன். "குளோசபைன் சாப்பிடுகிறான். பன்னிரண்டாவது வாரம். திங்கட்கிழமை 1,904" என்றேன். அவர் பேனாவை மூடினார். ஒரு பக்கம், இரண்டு பக்கம் புரட்டினார். உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார்.

முடிவு வர ஒன்றரை மணி நேரம். நானும் என் பிள்ளையும் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தோம்.

"அம்மா, எண்ணிக்கை குறைஞ்சிருந்தா மருந்தை நிறுத்திடுவாளா?"

"டாக்டர் என்ன சொல்றாரோ பார்ப்போம்."

"நிறுத்தினா அவா மறுபடி பேச ஆரம்பிச்சுடுவாளா?"

நான் பதில் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ரங்கநாதனைக் கூப்பிட்டேன். கூப்பிட்டுவிட்டேனே தவிர, என்னவென்று கேட்பது? 'உயிரைக் கொடு' என்பதா? 'புத்தியைக் கொடு' என்பதா? இந்த இரண்டில் ஒன்றை எந்தத் தாயாவது சொல்லிக் கேட்பாளோ? ஒன்றுமே கேட்காமல் அவன் கையை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊசி குத்திக் குத்தி முழங்கையின் உட்பக்கம் சின்னச் சின்னப் புள்ளிகளாகக் காய்த்திருந்தது. எண்ணினேன். பதிமூன்று.

டாக்டர் சீட்டோடு வந்தார். மொத்தம் 4,900. நூற்றுக்கு 64. பெருக்குவதற்கு எனக்குப் புத்தி ஓடவில்லை. என் பிள்ளைதான் மனசிலேயே கணக்குப் போட்டு, "3,136. பச்சைம்மா!" என்றான்.

சாதாரண ஜலதோஷக் காய்ச்சல்தான். என் நாத்தனார் சொன்னதுதான் சரி! ஆனால் அது சரி என்று தெரிந்துகொள்ள அந்த ஒன்றரை மணி நேரம் வேண்டியிருந்தது. காலைவரை அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள். விடியற்காலையில் பாலத்தைக் கடக்கும்போது, அம்மா மண்டபத்துப் பக்கம் அதற்குள் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. தலைக்கு மேல் தாம்பாளமும் கையில் காதோலை கருகமணியுமாகப் பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக மிளகுக் கஷாயம் வைத்தேன்.

* * *

அதன் பிறகு எண்ணிக்கை இறங்கவில்லை. பதினெட்டாவது வாரம் தாண்டியது. பிறகு ஒரு வருஷம் முடிகிற வரையில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. இப்போது மாதம் ஒரு தடவை. அவனே தனியாகப் பஸ் ஏறிப் போய்விட்டு வருகிறான். ஒரு கடையில் அரை நாள் கணக்கு எழுதுகிறான். குரல் அடியோடு நின்றுவிட்டதா என்றால், இல்லை. "அடுத்த தெரு ரேடியோ மாதிரி எப்பவாவது கேக்கும்மா. நான் காது கொடுக்கறதில்லே" என்கிறான்.

இந்த மருந்து வீட்டுக்குள் வந்தால் ரத்தத்தோடு இன்னும் சில விஷயங்களையும் கவனிக்கவேண்டும். அனுபவத்தில் கற்றதைச் சொல்கிறேன். மலச்சிக்கலை அற்பமாக நினைக்கக் கூடாது. இந்த மருந்தில் அது குடலையே அடைத்து உயிருக்கு உலை வைக்கும். தண்ணீர், கீரை, வாழைத்தண்டு. அதற்கும் மசியாவிட்டால் டாக்டர். முதல் சில வாரங்களில் நெஞ்சு படபடத்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே சொல்லவேண்டும். அபூர்வமாக இருதயத்தைத் தாக்குவதுண்டு. எடையும் சர்க்கரையும் ஏறும். பட்சணத்தை ஒளித்து வைத்தால் போதாது, நாமும் தின்னாமல் இருக்கவேண்டும்! இரண்டு நாளைக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே கொடுத்துவிடக் கூடாது. டாக்டரைக் கேட்டு மறுபடி அரை மாத்திரையிலிருந்து ஏறவேண்டும். சிகரெட் பழக்கம் உள்ளவர் திடீரென்று அதை விட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு கூடிவிடுமாம். நல்ல காரியத்தைக்கூடச் சொல்லிவிட்டுத்தான் செய்யவேண்டும். எந்த டாக்டரிடம் எதற்குப் போனாலும் இந்த மருந்தின் பெயரை முதலில் சொல்லவேண்டும். மருந்துக் கடைக்காரர், "பழைய சீட்டிலேயே தருகிறேன், பரிசோதனை எதற்கு?" என்று உபகாரம் செய்ய வருவார். வேண்டாம் என்று கும்பிடு போட்டுவிடுங்கள்.

2025-ல் அமெரிக்காவில், ரத்தக் கணக்கைப் பதிவு செய்தால்தான் மருந்து என்ற சட்டக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். கெடுபிடிக்குப் பயந்து, வேண்டியவர்களுக்குக்கூட மருந்து போய்ச் சேராமல் இருந்ததாம். ஆனால் பரிசோதனை வேண்டாம் என்று அவர்களும் சொல்லவில்லை. என் பால் கணக்கு நோட்டை நான் பரணில் போடுவதாக இல்லை.

எல்லாவற்றையும்விடக் கெட்டது மூடி மறைப்பது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமல் வெந்துபோனார்கள். வீட்டில் வைத்துக்கொள்ள வழி தெரியாதவர்கள் கொண்டுவந்து விட்ட பிள்ளைகள் அவர்கள். இன்றைக்கு வழி இருக்கிறது. ஜில்லா மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதன்முதலில் 1997-ல் எங்கள் திருச்சியில்தான் வந்தது. 2022 முதல் 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால், காசில்லாமல், தமிழிலேயே யோசனை சொல்கிறார்கள்.

தொட்டியத்து அம்மாள் பண்டிகை நாட்களில் என்னோடு டெலிபோனில் பேசுவாள். அவள் பெண்ணுக்கு இப்போது மாதம் ஒரு ஊசி மருந்து. "தேவலையா?" என்று கேட்டால், "சில நாளு தேவல, அக்கா" என்பாள். போன தடவை, "நேத்து தானே தலை பின்னிக்கிட்டா" என்றாள். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச வரவில்லை.

பதினெட்டாவது திங்கட்கிழமையை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். அன்றைக்கும் அடுத்த தெரு அம்மாள் பஸ்ஸில் வந்து உட்கார்ந்தாள். "என்ன மாமி, உளுத்தம்பருப்பா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் பிள்ளை திரும்பி, "இல்லே மாமி. எனக்கு மனசு சரியில்லாம இருந்தது. அதுக்கு ஒரு மருந்து சாப்பிடறேன். வாராவாரம் ரத்தம் பார்க்கணும். அதுக்குத்தான் போறோம்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை. பாலம் தாண்டியது; சிந்தாமணி தாண்டியது. சத்திரத்தில் இறங்கும்போது என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"மாமி, அந்த டாக்டர் பேர் என்ன? எங்காத்திலே என் தங்கை பொண்ணு ஒருத்தி இருக்கா..." என்றாள்.

பஸ் ஸ்டாண்டு நிழலில் உட்கார்ந்து, பால் கணக்கு நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து, எழுதிக் கொடுத்தேன்.